நினைவேட்டில் ஒரு காடு, ஒரு கடல்

நுழையுமுன்

ஊர் திரும்பியவுடன் பயணம் முடிந்துவிடுவதில்லை. கண்டதை நினைத்துப் பார்ப்பதும், நினைத்ததை எழுதி வைப்பதும், எழுதியதைப் பிறருக்குச் சொல்வதும் பயணத்தின் பகுதிகளே ஆகும். வீட்டை விட்டு வெளியே செல்ல இயலாத ஒரு கோடை விடுமுறையில், முந்தைய ஆண்டு தாம் கண்ட மழைக்காட்டையும் பவளத்திட்டையும் இரண்டு பிள்ளைகள் எவ்வாறு மீண்டும் கண்டனர் என்பதை இப்பாடம் கூறுகிறது.

1. அடைபட்ட விடுமுறை

கொச்சி மாநகரை அடுத்துள்ள திருப்பூணித்துறையில் ஒரு தமிழ்க் குடும்பம் வாழ்ந்து வந்தது. தந்தை கொச்சித் துறைமுகப் பகுதியில் பணிபுரிந்தார். மூத்த மகள் ஏழாம் வகுப்பிலும் இளைய மகன் ஐந்தாம் வகுப்பிலும் பயின்றனர். தெருவில் மலையாளம், வகுப்பறையில் ஆங்கிலமும் இந்தியும், வீட்டில் தமிழ் என நான்கு மொழிகளும் அவர்களுடைய நாளில் இடம் பெற்றிருந்தன.

கொச்சிக்குத் தமிழர் வருவது புதிதன்று. கோட்டைக் கொச்சியின் வேளிப் பகுதியில் உள்ள சலவைத் துறையில் பல தலைமுறைகளாகத் துணி வெளுத்து வருபவர்கள் தமிழ் பேசும் மக்களே. மட்டாஞ்சேரியின் மிளகு, சுக்குக் கிடங்குகளை ஒட்டிய தெருக்களிலும் தமிழ்க் குடும்பங்கள் நெடுங்காலமாக வாழ்கின்றன. அவ்வாறு வந்தவர்களுள் இக்குடும்பமும் ஒன்று. தந்தையின் தாயார் தூத்துக்குடியில் வாழ்ந்து வந்தார். பிள்ளைகள் அவரை ஆச்சி என்று அழைப்பர்.

2020 ஆம் ஆண்டு மார்ச் மாதத் தொடக்கத்தில் ஆச்சி பேரப் பிள்ளைகளைக் காணத் திருப்பூணித்துறைக்கு வந்தார். இரண்டு வாரம் தங்கித் திரும்புவது அவரது எண்ணம். ஆனால் கொரோனா தொற்றுப் பரவியதால் மார்ச் 25 முதல் நாடு முழுவதும் ஊரடங்கு நடைமுறைக்கு வந்தது. தொடர்வண்டிகள் நின்றன. மாநில எல்லைகள் அடைக்கப்பட்டன. ஆச்சியால் ஊர் திரும்ப இயலவில்லை. பிள்ளைகளால் வாசற்படியைத் தாண்ட இயலவில்லை. ஊரின் பெருமையாகிய மலை அரண்மனை அருங்காட்சியகமும் மூடப்பட்டது. எப்போதும் வண்டிகளின் ஓசை நிறைந்திருக்கும் சாலையில் பறவைகளின் குரல் மட்டுமே கேட்டது.

"சென்ற ஆண்டு இதே மாதத்தில் நாம் கப்பலில் இருந்தோம்" என்று ஒரு நாள் இளையவன் பெருமூச்சு விட்டான்.

2. எழுதாக் கணக்கு

2019 ஆம் ஆண்டு ஏப்ரலில் அக்குடும்பம் இரண்டு இடங்களுக்குச் சென்றிருந்தது. முதலில் பாலக்காடு மாவட்டத்தின் அமைதிப் பள்ளத்தாக்கு, அடுத்து இலட்சத்தீவுகள். முன்னது மழைக்காடு, பின்னது பவளத் தீவுக் கூட்டம். அந்நாள்களை நினைத்துப் பேசத் தொடங்கியவுடன் அக்காளுக்கும் தம்பிக்கும் வாக்குவாதம் மூண்டது.

"பவளத்திட்டில் இருந்த மீன்கள் எல்லாம் நீல நிறம்" என்றான் தம்பி.

"இல்லை, மஞ்சள் நிறம், கண்ணின் மேல் கறுப்புக் கோடு இருந்தது" என்றாள் அக்காள்.

"காட்டில் ஓசையே இல்லை. அதனால்தான் அமைதிப் பள்ளத்தாக்கு என்று பெயர்" என்றான் தம்பி.

"சில்வண்டுகளின் இரைச்சலால் நீதான் காதைப் பொத்திக்கொண்டாய்" என்றாள் அக்காள்.

தந்தையின் கைப்பேசியைத் தேடியபோது, அந்தப் பழைய கைப்பேசி மழையில் நனைந்து பழுதானபோதே பெரும்பாலான படங்களும் அழிந்துவிட்டமை தெரியவந்தது. எஞ்சியவை நான்கே படங்கள். அவற்றுள் மூன்றில் பிள்ளைகளின் முகங்கள் மட்டுமே பெரிதாகத் தெரிந்தன. பின்னால் இருந்த கடலும் காடும் மங்கலாகவே இருந்தன.

இதனைக் கேட்டுக்கொண்டிருந்த ஆச்சி, "எழுதாக் கணக்கு அழுதாலும் தீராது என்பார்கள், பிள்ளைகளே. ஓராண்டுக்குள்ளேயே இருவரும் இரண்டு விதமாகச் சொல்கிறீர்கள். இன்னும் பத்து ஆண்டு கழிந்தால் என்ன மிஞ்சும்? இப்போதாவது எழுதி வையுங்கள்" என்றார்.

பிள்ளைகள் ஒரு தடித்த ஏட்டை எடுத்துக்கொண்டனர். அதற்கு 'நினைவேடு' எனப் பெயரிட்டனர். மூன்று விதிகளையும் வகுத்துக்கொண்டனர். இருவரும் ஒருவர் எழுதியதை மற்றவர் பாராமல் தனித்தனியே எழுத வேண்டும். இருவரும் ஒத்துக்கூறுவதை மையினால் எழுத வேண்டும். ஒருவர் மட்டும் கூறுவதையும் ஐயத்திற்குரியதையும் பென்சிலால் எழுதிக் கேள்விக்குறி இட வேண்டும். கண்டதை மட்டுமன்றிக் கேட்டதையும் முகர்ந்ததையும் தொட்டதையும் சுவைத்ததையும் எழுத வேண்டும் என்று ஆச்சி நான்காம் விதி ஒன்றைச் சேர்த்தார்.

3. காடு

முதல் நாள் காட்டைப் பற்றி எழுதினர். மண்ணார்க்காட்டைக் கடந்து, அட்டப்பாடி வட்டாரத்திலுள்ள முக்காலி என்னும் சிற்றூரை அடைந்ததை இருவரும் ஒரே மாதிரி எழுதியிருந்தனர். அங்கிருந்து வனத்துறையின் வழிகாட்டியுடன் ஜீப்பில் 23 கிலோமீட்டர் காட்டுப்பாதையில் சென்றால் சைரந்திரி என்னும் இடம் வரும். அங்குள்ள நெடிய கண்காணிப்புக் கோபுரத்தின் மீது ஏறிப் பார்த்தபோது, காட்டின் மேற்பரப்பு பச்சைக் கம்பளம் விரித்தாற்போல் தெரிந்தது. கீழே குந்திப்புழை ஆறு பாறைகளுக்கிடையே ஓடியது.

மழைக்காடு பல அடுக்குகளை உடையது. எல்லாவற்றுக்கும் மேலாக ஓங்கி நிற்பவை பெருமரங்கள். அவற்றின் கீழே கிளைகள் ஒன்றோடொன்று பின்னிய விதானம் உள்ளது. அதற்கும் கீழே சிறு மரங்களும் கொடிகளும் செடிகளும் வளர்கின்றன. விதானம் வெயிலைத் தடுப்பதால், நண்பகலிலும் தரையில் மங்கிய ஒளியே விழுகிறது. உதிர்ந்த இலைகள் ஈரத்தில் மக்கி மீண்டும் மரத்திற்கே உணவாகின்றன.

"மக்கிய இலையின் மணம், மழை பெய்த மறுநாள் கிணற்றடியில் வீசும் மணம் போன்றது" என்று அக்காள் எழுதினாள். "காலில் அட்டை கடித்தது. வலிக்கவில்லை. இரத்தம் மட்டும் நிற்காமல் வந்தது" என்று தம்பி எழுதினான். தன் காலில் அட்டை கடித்ததை அக்காள் மறந்தே போயிருந்தாள். தம்பி நினைவூட்டியவுடன், அப்பா உப்புப் பொட்டலத்தை எடுத்ததும் தான் அழுததும் அவளுக்கு நினைவில் வந்தன. ஒருவர் மறந்ததை மற்றவர் மீட்டுத் தந்தார்.

சிங்கவால் குரங்கைக் கண்டதை இருவரும் எழுதியிருந்தனர். கரிய உடல், முகத்தைச் சுற்றி வெண்சாம்பல் நிறப் பிடரிமயிர், நுனியில் குஞ்சம் கொண்ட வால் ஆகியவை அதன் அடையாளங்கள். உலகில் மேற்குத் தொடர்ச்சி மலையில் மட்டுமே இயற்கையாக வாழும் இக்குரங்கு, பெரும்பாலும் மரத்தின் மேலேயே வாழ்நாளைக் கழிக்கிறது. முள் நிறைந்த காய்களை உடைய வெடிபலா மரம் அதன் முதன்மையான உணவு மரங்களுள் ஒன்று. விதானம் இடையில் அறுபட்டால் குரங்குக் கூட்டங்களின் வழியும் அறுபட்டுவிடும்.

ஓசையைப் பற்றிய வழக்கு மட்டும் தீரவில்லை. தந்தையிடம் கேட்டனர். அவர் சிரித்துக்கொண்டே, "அங்கே சில்வண்டுகள் இல்லாததால் அமைதிப் பள்ளத்தாக்கு என்று பெயர் வந்ததாக ஒரு கதை உண்டு. சிங்கவால் குரங்கின் அறிவியல் பெயரிலிருந்து வந்தது என்பாரும் உண்டு. ஆனால் நாம் சென்ற அன்று சில்வண்டுகள் காதைத் துளைத்தன" என்றார்.

தம்பி வியப்படைந்தான். அவன் பொய் சொல்லவில்லை. காட்டின் பெயர் அவன் நினைவுக்குள் புகுந்து, காது கேட்டதை மாற்றிவிட்டது. கேள்விக்குறியை அழித்துவிட்டு, 'சில்வண்டுகள் இருந்தன' என்று மையினால் எழுதினான்.

தந்தை மேலும் ஒரு செய்தியைக் கூறினார். அக்காட்டின் நடுவே குந்திப்புழையின் குறுக்கே நீர்மின் அணை ஒன்று கட்டக் கேரள மின் வாரியம் திட்டமிட்டிருந்தது. 1973 ஆம் ஆண்டு திட்டக்குழுவும் அதற்கு ஒப்புதல் வழங்கியது. அணை எழுந்திருந்தால் பள்ளத்தாக்கின் அடிக்காடு நீரில் மூழ்கியிருக்கும். கேரள சாஸ்திர சாகித்திய பரிஷத் என்னும் அறிவியல் இயக்கம் ஊர் ஊராகச் சென்று இதனை மக்களுக்கு விளக்கியது. கவிஞர் சுகதகுமாரி மரங்களைப் போற்றிக் கவிதை எழுதினார். தமிழ் மரபினரான வேளாண் அறிஞர் எம்.எஸ். சுவாமிநாதன் அக்காட்டை உயிர்க்கோளக் காப்பகமாக்கலாம் எனப் பரிந்துரைத்தார். இறுதியில் திட்டம் கைவிடப்பட்டது. 1984 ஆம் ஆண்டு அக்காடு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. 1985 செப்டம்பர் 7 அன்று பிரதமர் ராஜீவ் காந்தி அதனை நாட்டுக்கு அர்ப்பணித்தார்.

"போராடியவர்கள் எல்லாரும் அந்தக் காட்டைப் பார்த்தவர்களா, அப்பா?" என்று மகள் கேட்டாள்.

"இல்லை. பலர் ஒருமுறைகூட அங்கே சென்றதில்லை. பிறர் எழுதியதைப் படித்தும், பேசியதைக் கேட்டும்தான் அதை அறிந்தார்கள்" என்றார் தந்தை.

4. கடல்

மறுநாள் கடலைப் பற்றி எழுதத் தொடங்கினர். கொச்சியின் வில்லிங்டன் தீவிலிருந்து இலட்சத்தீவுகளுக்குக் கப்பல்கள் செல்கின்றன. அரபிக்கடலில் 36 தீவுகளைக் கொண்ட இத்தீவுக் கூட்டத்தின் மொத்த நிலப்பரப்பு 32 சதுர கிலோமீட்டர் மட்டுமே. அவற்றுள் 10 தீவுகளில் மக்கள் வாழ்கின்றனர். தலைநகரான கவரத்தி கொச்சியிலிருந்து ஏறத்தாழ 400 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. முன் அனுமதி பெற்றவர்களே அங்குச் செல்ல இயலும்.

"மாலையில் கப்பல் புறப்பட்டது. காலையில் கடல் கருநீலமாக இருந்தது. பிறகு ஒரு வெள்ளைக் கோடு தெரிந்தது. கோட்டுக்கு அப்பால் நீர் பச்சையாக இருந்தது" என்று இருவரும் ஏறக்குறைய ஒரே வகையில் எழுதியிருந்தனர். அந்த வெள்ளைக் கோடே பவளத்திட்டின் விளிம்பு. ஆழ்கடலின் அலைகள் அதில் மோதி நுரைக்கின்றன. அதற்குள் அடங்கிய ஆழமற்ற நீர்ப்பரப்பு கடற்காயல் எனப்படும். திட்டு அலையைத் தாங்குவதால்தான் கடல்மட்டத்திற்குச் சில மீட்டர் உயரமே உள்ள தீவுகள் நிலைத்து நிற்கின்றன.

பவளம் கல்லும் அன்று, செடியும் அன்று. அது ஓர் உயிரினம். பவளப் பூச்சி எனப்படும் மெல்லுடல் கொண்ட சிற்றுயிர்கள் கடல்நீரிலுள்ள சுண்ணாம்புச் சத்தை எடுத்துத் தமக்குக் கூடு கட்டுகின்றன. பல்லாயிரம் ஆண்டுகளாகக் கூட்டின் மேல் கூடு சேர்ந்து பவளத்திட்டு உருவாகிறது. அவ்வுயிர்களின் உடலுக்குள் கண்ணுக்குத் தெரியாத பாசிகள் வாழ்கின்றன. பாசி, கதிரொளியால் உணவு தயாரித்துப் பவளத்திற்கு அளிக்கிறது. பவளம் பாசிக்கு உறைவிடம் அளிக்கிறது. பவளத்தின் நிறத்திற்கும் அப்பாசிகளே பெரிதும் காரணம். உலகக் கடல்தரையில் நூற்றில் ஒரு பங்கிற்கும் குறைவான இடத்தையே பவளத்திட்டுகள் பெற்றுள்ளன. எனினும் கடல்வாழ் உயிரினங்களுள் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கிற்கு அவை வாழ்விடமாகத் திகழ்கின்றன.

கண்ணாடித் தளம் பொருத்திய படகில் குடும்பத்தினர் கடற்காயலின் மேல் சென்றனர். மான் கொம்பைப் போலக் கிளைத்தவை, உருண்டைப் பாறை போன்றவை, அகன்ற மேசை போன்றவை எனப் பலவகைப் பவளங்களைக் கண்டனர். அவற்றின் இடையே மீன்கள் திரிந்தன. மீன்களின் நிறத்தைப் பற்றிய வழக்கு இங்கே எளிதில் தீர்ந்தது. தந்தை நூலகத்திலிருந்து முன்னரே எடுத்து வந்திருந்த புத்தகம் ஒன்றில் இரண்டு மீன்களின் படங்களும் இருந்தன. நீல உடல் கொண்டது ஒருவகை. மஞ்சள் உடலும் கண்ணின் மேல் கறுப்புக் கோடும் கொண்ட வண்ணத்துப்பூச்சி மீன் மற்றொரு வகை. படகின் இடப்புறம் அமர்ந்திருந்தவன் ஒன்றைக் கண்டான். வலப்புறம் அமர்ந்திருந்தவள் மற்றொன்றைக் கண்டாள். இருவர் கூறியதும் உண்மையே. "நான் பார்த்தது மட்டுமே கடல் அன்று" என்று அக்காள் ஏட்டின் ஓரத்தில் குறித்தாள்.

தம்பியின் பக்கத்தில் ஒரு செய்தி பென்சிலால் மிகச் சிறிய எழுத்தில் இருந்தது. கரையில் ஒதுங்கிக் கிடந்த பவளத் துண்டு ஒன்றை அவன் சட்டைப் பையில் இட்டுக்கொண்டான். அதைக் கண்ட படகோட்டி அன்போடு தடுத்தார். "இறந்த பவளமும் இத்தீவின் மண்ணே, மோனே. இதைப் பொடித்துத்தான் கடல் எங்களுக்குக் கரை தருகிறது. எடுத்துச் செல்லச் சட்டமும் இடம் தராது" என்றார். தம்பி அதை வைத்துவிட்டான். இதுவரை யாரிடமும் கூறாத அச்செய்தியை இப்போது எழுதியிருந்தான்.

"அதனால்தான் என் கையில் இப்போது ஒன்றுமே இல்லை" என்று அவன் வருந்தினான்.

தாய் அவன் தலையைத் தடவி, "எழுதிவிட்டாய் அல்லவா? அது இருக்கிறதே" என்றார்.

அதே படகோட்டி கூறிய இன்னொரு சொல் அக்காளின் நினைவில் இருந்தது. "இவ்வளவு பவளமா!" என்று அவர்கள் வியந்தபோது, "என் தகப்பனார் கண்டதில் இது பாதியும் இல்லை" என்றார் அவர். அன்று அதன் பொருள் பிள்ளைகளுக்கு விளங்கவில்லை.

5. ஆச்சியின் கடல்

அன்று மாலை திண்ணையில் அமர்ந்து பிள்ளைகள் நினைவேட்டை ஆச்சிக்குப் படித்துக் காட்டினர். ஆச்சி நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பின்னர், "பவளத்தைப் பார்க்க நீங்கள் கப்பலேறிப் போனீர்கள். எங்கள் வீட்டுச் சுவரே பவளத்தால் ஆனது" என்றார்.

பிள்ளைகள் திகைத்தனர். ஆச்சி தம் சிறுவயதை நினைவுகூர்ந்தார். தூத்துக்குடிக் கடலிலிருந்து தோணிகளில் முருகைக்கல் வந்து இறங்கும். முருகைக்கல் என்பது பவளக்கல்லே. அதனைக் காளவாயில் இட்டுச் சுட்டுச் சுண்ணாம்பு ஆக்குவார்கள். அச்சுண்ணாம்பைக் கொண்டு சுவர் பூசுவார்கள். "அது பிழை என்று அன்று எவருக்கும் தோன்றவில்லை. கடலில் கல்லுக்குக் குறைவே இராது என்று எண்ணினோம்" என்றார் ஆச்சி.

முத்துக்குளிப்பையும் அவர் கண்டிருந்தார். முத்துச் சிப்பிகள் வாழும் கடலடித் திட்டுகளைப் பார் என்பர். அங்கே மூழ்கி எடுத்த சிப்பிகள் கரையில் குவியும். அழுகும் சிப்பிகளின் நாற்றம் ஊர் முழுதும் வீசும். கொற்கைத் துறைமுகம் புகழ்பெற்ற காலந்தொட்டுப் பல நூற்றாண்டுகளாக நடந்த அத்தொழில், 1961 ஆம் ஆண்டு முத்துக்குளிப்போடு நின்றுபோயிற்று. அப்போது ஆச்சிக்கு வயது பதினொன்று. தம் கண்முன் நடப்பது இறுதி முத்துக்குளிப்பு என்பதை அச்சிறுமி அறியவில்லை.

"தூத்துக்குடிக்கு எதிரே விலாங்குசல்லி என்று ஒரு தீவு இருந்தது, ஐயா. மீன் பிடிக்கப் போனவர்கள் அதைப் பற்றிப் பேசக் கேட்டிருக்கிறேன். இன்று அது நீருக்குள் இருக்கிறது" என்று ஆச்சி கூறினார்.

ஆச்சி கூறியது மெய்யே. மன்னார் வளைகுடாவில் இராமேசுவரம் முதல் தூத்துக்குடி வரை 21 தீவுகள் கணக்கிடப்பட்டிருந்தன. பவளக்கல் வெட்டப்பட்டதாலும் கடல் அரிப்பாலும் விலாங்குசல்லி, பூவரசன்பட்டி ஆகிய இரண்டும் மூழ்கிவிட்டன. 1986 ஆம் ஆண்டு அப்பகுதி கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. 2001 ஆம் ஆண்டு பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. புலிக்கும் யானைக்கும் உரிய காப்பு அன்றுமுதல் பவளத்திற்கும் கிடைத்தது. பின்னர்த் தூத்துக்குடியை அடுத்த வான் தீவு தேய்ந்து வருவதைக் கண்டு, அலையின் வேகத்தைத் தணிக்க அதனருகே செயற்கைப் பவளத்திட்டுகளை அமைத்தனர்.

"அப்படியானால் நம் ஊரிலேயே பவளத்திட்டு இருக்கிறதா, ஆச்சி?" என்று பேரன் வியந்தான்.

"பவளத்திட்டு மட்டுமா? மழைக்காடும் இருக்கிறது. தாமிரபரணி எங்கிருந்து வருகிறது? பொதிகை மலையின் காட்டிலிருந்து. எங்கே போய்ச் சேர்கிறது? புன்னைக்காயலில், நம் கடலில்" என்றார் ஆச்சி.

தந்தை நாட்டுப் படத்தை விரித்தார். பிள்ளைகள் விரலால் ஆற்றைத் தொடர்ந்தனர். 128 கிலோமீட்டர் நீளமுள்ள அந்த ஆற்றின் தொடக்கத்தில் மழைக்காடும், அது கலக்கும் கடலில் பவளத்திட்டும் இருந்தன. காட்டின் வேர்கள் மண்ணைப் பிடித்து வைத்தால் ஆற்றுநீர் தெளிந்து வரும். காடு அழிந்தால் மண் கரைந்து கடலைக் கலக்கும். கலங்கிய நீரில் ஒளி குறையும். ஒளி குறைந்தால் பவளத்தினுள் வாழும் பாசி உணவு தயாரிக்க இயலாது. சென்ற ஆண்டு தனித்தனியே கண்ட காடும் கடலும் ஒரே கோட்டில் இணைவதைப் பிள்ளைகள் வீட்டிலிருந்தே கண்டனர்.

6. நகரும் அளவுகோல்

அன்றிரவு மூத்தவள் உறங்கவில்லை. ஆச்சி சிறுமியாக இருந்தபோது கண்ட கடல் ஒன்று. அப்பா சிறுவனாக இருந்தபோது கண்ட கடல் ஒன்று. தான் கண்டது இன்னொன்று. படகோட்டி கூறிய சொல்லின் பொருள் அவளுக்கு இப்போது விளங்கியது. தான் கண்டதையே அவள் நிறைவென்று எண்ணியிருந்தாள். அவருடைய தகப்பனாருக்கு அது குறைவாகத் தோன்றியிருக்கும்.

மறுநாள் அவள் இதனைத் தந்தையிடம் கூறினாள். அவர், மீன்வள அறிஞர் டேனியல் பாலி 1995 ஆம் ஆண்டு எழுதிய கருத்தை விளக்கினார். ஒவ்வொரு தலைமுறையும் தன் இளமையில் கண்ட இயற்கையையே முழு இயற்கை என்று கருதுகிறது. அதற்கு முன் இருந்ததை அது அறிவதில்லை. அடுத்த தலைமுறை, மேலும் குறைந்ததையே முழுமை என்று கொள்கிறது. இவ்வாறு அளவுகோல் நகர்ந்துகொண்டே செல்வதால், எவ்வளவு இழந்தோம் என்பது எவருக்கும் தெரியாமற் போகிறது. மறதியே இழப்பை மறைத்துவிடுகிறது.

இதற்கு இலட்சத்தீவுகளே சான்று. கடல்நீர் வழக்கத்தைவிட ஒன்றிரண்டு பாகை கூடுதலாகச் சில வாரங்கள் வெப்பமுற்றிருந்தால், பவளம் தன்னுள் வாழும் பாசிகளை வெளியேற்றிவிடும். அப்போது அது வெண்மையாகிறது. இது பவள வெளிறல் எனப்படும். நீர் விரைவில் குளிர்ந்தால் பவளம் தேறும், இல்லையேல் மடியும். 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் இலட்சத்தீவுகளில் பெரும் வெளிறல்கள் நிகழ்ந்தன. அகத்தி, கடமத், கவரத்தி ஆகிய தீவுகளின் பவளத்தை ஆய்வாளர்கள் 1998 முதல் தொடர்ந்து அளந்து வந்தனர். 2022 ஆம் ஆண்டிற்குள் உயிருள்ள பவளத்தின் பரப்பு ஏறத்தாழப் பாதியாகக் குறைந்ததை அவர்கள் பதிவு செய்துள்ளனர். 1998 ஆம் ஆண்டே ஒருவர் நீரில் மூழ்கி அளந்து எழுதி வைத்ததால்தான் 'பாதி' என்று இன்று கூற முடிகிறது. அந்தக் குறிப்பு இல்லையேல், எஞ்சியிருப்பதே முழுமை எனத் தோன்றியிருக்கும்.

பிள்ளைகள் நினைவேட்டில் புதிய பக்கம் ஒன்றைத் திறந்தனர். நடுவே கோடிட்டு இரண்டாகப் பிரித்தனர். ஒரு புறம் 'நாங்கள் கண்டது' எனவும், மறுபுறம் 'ஆச்சி கண்டது' எனவும் தலைப்பிட்டனர். ஆச்சி சொல்லச் சொல்ல, பேரனும் பேத்தியும் முறைவைத்து எழுதினர். தோணியின் நீளம், காளவாய் இருந்த தெரு, கரையில் கிடைத்த சங்கு வகைகள், வலையில் விழுந்த மீன்களின் பெயர்கள் என ஒவ்வொன்றாகக் கேட்டனர். நெத்திலி, சீலா, ஊளி, பாறை, விளமீன், திருக்கை என ஆச்சி அடுக்கினார். அவற்றுள் பல பெயர்களைப் பிள்ளைகள் அதற்குமுன் கேட்டதே இல்லை. சொல்லும் ஒரு வகையில் பவளத்தைப் போன்றதே; வழங்குவோர் இல்லாவிடில் மறைந்துவிடும்.

ஆச்சியும் தமக்கு உறுதியாகத் தெரியாதவற்றைத் தாமே கூறினார். "இது நான் கண்டதன்று, கேட்டது. இதற்குக் கேள்விக்குறி போடு, தாயே" என்றார்.

7. ஏட்டின் கடைசிப் பக்கம்

சில வாரங்கள் கழிந்து, சிறப்பு அனுமதி பெற்று ஆச்சி ஊருக்குப் புறப்பட்டார். அதற்குள் நினைவேட்டில் ஒரே ஒரு பக்கமே எஞ்சியிருந்தது. அதில் என்ன எழுதுவது என்று பிள்ளைகள் ஆராய்ந்தனர்.

காட்டைக் காணாமலே காட்டைக் காத்தவர்களைப் பற்றி அப்பா கூறியது மகளுக்கு நினைவில் வந்தது. அவர்களும் வீட்டில் இருந்தவர்களே. யாரோ ஒருவர் கண்டதை உண்மையாக எழுதியதால்தான் அக்காடு அவர்களுக்கும் உரியதாயிற்று.

கடைசிப் பக்கத்தில் இவ்வாறு எழுதினர்: "இந்த ஏட்டை 2050 ஆம் ஆண்டு படிப்பவருக்கு: நாங்கள் கண்ட காடும் கடலும் இவை. எங்கள் ஆச்சி கண்டது இன்னும் பெரியது. நீங்கள் காண்பது இதைவிடக் குறைந்திருந்தால், அதுவே முழுமை என்று எண்ண வேண்டாம். நிறைந்திருந்தால், அதைக் காத்தவர்களின் பெயர்களை எழுதி வையுங்கள்."

அதன் கீழே தம்பி பென்சிலால் ஒரு கேள்விக்குறி இட்டான்.

"இது எதற்கு?" என்று அக்காள் கேட்டாள்.

"நிறைந்திருக்குமா, குறைந்திருக்குமா என்று நமக்கு இன்னும் தெரியாது அல்லவா?" என்றான் அவன்.

அருஞ்சொற்பொருள்

பவளத்திட்டு – பவள உயிர்களின் கூடுகள் சேர்ந்து உண்டான கடலடி மேடு
கடற்காயல் – பவளத்திட்டால் சூழப்பட்ட ஆழமற்ற கடல்நீர்ப் பரப்பு
விதானம் – மேற்கட்டி. இங்கு மரக்கிளைகளின் கூரை
முருகைக்கல் – பவளக்கல்
காளவாய் – சுண்ணாம்பு, செங்கல் முதலியன சுடும் சூளை
பார் – முத்துச் சிப்பிகள் வாழும் கடலடித் திட்டு
வெளிறல் – நிறம் இழத்தல்
வழக்கு – இங்கு, கருத்து வேறுபாடு
மோனே – 'மகனே' என்னும் பொருளுடைய மலையாள விளி

பயிற்சி

அ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. ஆச்சியால் ஊர் திரும்ப இயலாமற் போனது ஏன்?
2. நினைவேட்டிற்குப் பிள்ளைகள் வகுத்த விதிகள் யாவை?
3. பவளத்திற்கும் பாசிக்கும் உள்ள உறவு யாது?
4. மீன்களின் நிறம் பற்றிய வழக்கு எவ்வாறு தீர்ந்தது?
5. தாமிரபரணி எங்குத் தோன்றி எங்குக் கடலில் கலக்கிறது?

ஆ. ஒரு பத்தியில் விடை எழுதுக.
1. காட்டில் ஓசையே இல்லை என்று தம்பி நினைத்தது ஏன்? இதிலிருந்து நினைவைப் பற்றி நாம் அறிவது யாது?
2. 'நகரும் அளவுகோல்' என்பதை உன் ஊரிலுள்ள குளம், ஆறு, மரம் ஆகியவற்றுள் ஒன்றைக் கொண்டு விளக்குக.
3. "அது பிழை என்று அன்று எவருக்கும் தோன்றவில்லை" என்று ஆச்சி கூறினார். இன்று நமக்குப் பிழையாகத் தோன்றாத செயல் ஏதேனும் நாளை பிழையாகத் தோன்றக்கூடுமா? உன் கருத்தைக் காரணத்துடன் எழுதுக.

இ. மொழிப் பயிற்சி
1. பிரித்து எழுதுக: நினைவேடு, பவளத்திட்டு, கடற்காயல், மழைக்காடு.
2. 'கல்லும் அன்று, செடியும் அன்று' என்னும் தொடரில் வரும் 'அன்று' என்பதற்கும், 'அன்று மாலை' என்பதில் வரும் 'அன்று' என்பதற்கும் உள்ள பொருள் வேறுபாட்டை எழுதுக.
3. 'எழுதாக் கணக்கு அழுதாலும் தீராது' என்னும் பழமொழியை ஒரு நிகழ்ச்சியில் அமைத்துக் காட்டுக.

ஈ. செயல்திட்டம்
உன் வீட்டிலுள்ள மூத்தவர் ஒருவரிடம், அவர் பிறந்த ஊரின் கடலையோ ஆற்றையோ காட்டையோ வயலையோ பற்றிக் கேள். நேரில் இயலாவிடில் தொலைபேசியில் கேட்கலாம். அவர் கண்டவற்றை மையினாலும், கேள்விப்பட்டவற்றைப் பென்சிலாலும் எழுது. அவர் கூறும் மரம், மீன், பறவை ஆகியவற்றின் தமிழ்ப் பெயர்களைத் தனியே பட்டியலிடு. அப்பட்டியலில் நீ இதற்குமுன் கேட்டிராத பெயர்கள் எத்தனை என்று எண்ணிப் பார்.